காணாக் கதிரைக் கண்டவர்

கண்ணாற் கண்டதும் பொய்யாகக்கூடும். தீர விசாரித்து அறிந்ததே மெய்யாகும் என்பது பழமொழி. அறிவியல் துறைக்கு இம்மொழி பெரிதும் பொருந்தும். கண்ணுக்குப் புலனாகாத ஒன்றை ஆராய்வோர், அதனைப் புலப்படுத்தும் கருவியை நம்பியே நிற்றல் வேண்டும். கருவி பிழைபட்டால் ஆராய்ச்சி முழுவதும் பிழையாய் முடியும். ஆதலின், காணும் பொருளை ஆராய்வதோடு, காட்டும் கருவியையும் ஆராய்தல் அறிஞர் கடனாகும். இக்கடனை வழுவாது ஆற்றியவர் வில்ஹெல்ம் கான்ராட் இராண்ட்ஜன் என்னும் ஜெர்மானியப் பேரறிஞர். உடலைக் கீறாமலே உள்ளே உள்ள எலும்பைக் காட்டும் எக்ஸ் கதிர்களை உலகிற்கு அறிவித்தவர் அவரே.

இராண்ட்ஜன் 1845ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 27ஆம் நாள் ஜெர்மனியின் லென்னெப் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் துணி வணிகர். அன்னையார் டச்சு நாட்டுக் குடியில் வந்தவர். மகனுக்கு மூன்று வயதானபோது பெற்றோர் டச்சு நாட்டிலுள்ள ஆப்பல்டோர்ன் நகரிற் குடியேறினர். பின்னர் அவர் யூட்ரெக்ட் நகரத் தொழிற்பள்ளியிற் சேர்ந்து பயின்றார். அங்கே ஒருநாள் மாணவர் ஒருவர் ஆசிரியரை எள்ளிக் கேலிப்படம் வரைந்தார். வரைந்தவர் யாரெனப் பள்ளித் தலைவர் வினவியபோது, இராண்ட்ஜன் தோழரைக் காட்டிக் கொடுக்க மறுத்தார். அதனால் அவரே பள்ளியினின்றும் நீக்கப்பட்டார். பல்கலைக்கழகத்திற் சேர்தற்கு வேண்டிய சான்றிதழ் அவருக்குக் கிட்டாமற் போயிற்று.

ஆயினும் அவர் மனந்தளர்ந்திலர். முறையான சான்றிதழ் இல்லாதவரையும் தகுதி நோக்கிச் சேர்த்துக்கொண்ட சூரிச் நகரப் பல்தொழிற் கழகத்தில் 1865இல் இடம்பெற்று, எந்திரப் பொறியியல் பயின்றார். 1869இல் டாக்டர் பட்டம் பெற்றார். ஆகஸ்ட் குண்ட் என்னும் பௌதிக அறிஞருக்குத் துணைவராகி, நுண்ணிய அளவைகளைப் பிழையின்றி எடுக்கும் கலையை அவரிடம் கற்றார். 1872இல் அன்னா பெர்த்தா என்னும் நங்கையை மணந்தார். குண்டுடன் வூர்ட்ஸ்பர்க் சென்றபோது, பள்ளிச் சான்றிதழ் இல்லாமையால் அப்பல்கலைக்கழகம் அவருக்கு ஆசிரியத் தகுதி தர மறுத்தது. அதே பல்கலைக்கழகம் 1888இல் அவரைப் பேராசிரியராக அழைத்தது. 1894இல் தன் தலைவராகவே தேர்ந்தெடுத்தது.

1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் மாலை. இராண்ட்ஜன் தம் ஆய்வுக்கூடத்தில், காற்று நீக்கிய கண்ணாடிக் குழாயொன்றில் மின்சாரத்தைச் செலுத்தி ஆராய்ந்துகொண்டிருந்தார். குழாயின் ஒளி வெளிவராதவாறு கறுப்பு அட்டையால் அதனை மூடியிருந்தார். அறையும் இருண்டிருந்தது. அப்போது சற்றுத் தொலைவில் பேரியம் பிளாட்டினோ சயனைடு என்னும் உப்புப் பூசிய தாள் ஒளிர்வதைக் கண்டார். மின்சாரத்தை நிறுத்தினால் ஒளி மறைந்தது. மீண்டும் செலுத்தினால் தோன்றியது. தாளை இரண்டு மீட்டர் தொலைவுக்கு நகர்த்தியபோதும் அது ஒளிர்ந்தது. கறுப்பு அட்டையையும் ஊடுருவி ஏதோவொரு கதிர் வருகின்றது என்பது விளங்கிற்று.

இத்தகைய கதிரின் சுவடு அதற்கு முன்பும் தோன்றியதுண்டு. 1890இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் குட்ஸ்பீடு என்னும் பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில், ஒளிப்படத் தகடொன்றில் வட்டமான இரு நிழல்கள் பதிந்தன. காரணம் விளங்காமையால் அத்தகடு ஒதுக்கி வைக்கப்பட்டது. கருவி சான்று பகர்ந்தும் அதனைக் கேட்பார் இல்லை. இராண்ட்ஜனோ கண்ட ஒளியை ஒதுக்கவும் இல்லை. உடனே நம்பிவிடவும் இல்லை. ஏறத்தாழ ஏழு வாரங்கள் ஒருவரிடமும் கூறாது ஆராய்ந்தார். உணவும் உறக்கமும் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தை ஒட்டியே அமைந்தன.

அவர் உள்ளத்தை வாட்டிய ஐயம் ஒன்றே. இருட்டில் மங்கலாகத் தோன்றும் ஒளியைக் களைத்த கண் தவறாகக் காணக்கூடும். திரையின் ஒளி நொடியில் மறைவது. பிறர்க்குக் காட்ட எஞ்சுவது யாதும் இல்லை. ஆதலின் அவர் இரண்டாவது சான்றைத் தேடினார். ஒளிப்படத் தகட்டைக் கதிரின் வழியில் வைத்தபோது அதுவும் கறுத்தது. தகடு களைப்பறியாது, விருப்பு வெறுப்பறியாது, பதிந்ததை அழியாது காத்து யாவர்க்கும் காட்டும். அன்று முதல், இயன்ற இடத்திலெல்லாம் திரையிற் கண்டவற்றைத் தகட்டின் சான்றால் அவர் உறுதி செய்தார்.

பின்னர்ப் பொருள்களை ஒவ்வொன்றாகக் கதிரின் குறுக்கே வைத்துச் சோதித்தார். ஆயிரம் பக்கங்கள் கொண்ட நூலையும் கதிர் ஊடுருவியது. தடித்த மரக்கட்டையும் அதனைத் தடுக்கவில்லை. 15 மில்லிமீட்டர் தடிப்புள்ள அலுமினியம் அதனைப் பெரிதும் குறைத்ததேயன்றி முற்றும் மறைக்கவில்லை. 1.5 மில்லிமீட்டர் ஈயத் தகடோ அதனை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிட்டது. மூடிய மரப்பெட்டியினுள் இருந்த எடைக்கற்களின் உருவம் தகட்டிற் பதிந்தது. இன்னதென்று அறியப்படாமையால் அக்கதிருக்கு எக்ஸ் என்று பெயரிட்டார்.

டிசம்பர் 22ஆம் நாள் தம் மனைவியாரை அழைத்து, அவர் கையைத் தகட்டின்மேல் அசையாது வைக்கச் செய்தார். கால் மணி நேரம் கதிர் பாய்ந்தது. தகட்டைக் கழுவிப் பார்த்தபோது கையெலும்புகளும் விரலில் அணிந்திருந்த மோதிரமும் தெளிவாகத் தோன்றின. உயிருள்ள தம் கையின் எலும்பைக் கண்ட அம்மையார் அஞ்சி நடுங்கினார். டிசம்பர் 28ஆம் நாள் இராண்ட்ஜன் தம் கட்டுரையை வூர்ட்ஸ்பர்க் பௌதிக மருத்துவச் சங்கத்தாரிடம் அளித்தார். 1896ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அதன் படிகளையும் ஒளிப்படங்களையும் அறிஞர் பலர்க்கு அனுப்பினார். சில நாள்களுள் உலகமெங்கும் அச்செய்தி பரவிற்று. சனவரி 23ஆம் நாள் நிகழ்ந்த கூட்டத்தில், முதிய உடற்கூற்று அறிஞர் கோலிக்கர் தம் கையைப் படமெடுக்க இசைந்து, அக்கதிர்களுக்கு இராண்ட்ஜன் பெயரையே சூட்டலாம் என மொழிந்தார்.

மருத்துவர்கள் இக்கதிரை ஆர்வத்துடன் ஏற்றனர். ஆயின் ஓர் இடர் எழுந்தது. தகடு உண்மையைக் கூறினும், தன்மேல் விழும் கதிரின் மிகச் சிறு பங்கையே பற்றியது. அதனால் படமெடுக்க நெடுநேரம் ஆயிற்று. 1896இல் அமெரிக்க அறிஞர் எடிசன் பல உப்புகளைச் சோதித்து, கால்சியம் டங்ஸ்டேட்டு என்பது மிகுதியாக ஒளிர்வதைக் கண்டார். அதே ஆண்டில் பியூப்பின் என்பார், ஒளிர்திரையைத் தகட்டோடு சேர்த்து வைத்துப் படமெடுக்கும் நேரத்தை மிகவும் குறைத்தார். அதற்குள் கதிரின் தீமையும் வெளிப்பட்டது. பலருடைய கைகள் வெந்து புண்ணாயின. எடிசனின் உதவியாளரான கிளாரன்ஸ் டாலி, ஒளிர்திரையைத் தம் கையை வைத்தே நாள்தோறும் சோதித்தவர். கைகளை இழந்து 1904இல் உயிர்நீத்தார். எடிசன் அவ்வாராய்ச்சியையே கைவிட்டார். கதிரைப் பற்றும் கருவி மட்டமானதாயின், அதன் குறையை மனிதன் உடலால் ஈடுசெய்ய நேரும் என்னும் பாடத்தை உலகம் பெரும் விலை கொடுத்துக் கற்றது.

இதற்கிடையில் இராண்ட்ஜன் மூன்றாவது சான்றையும் கண்டார். எக்ஸ் கதிர் பாய்ந்த காற்று மின்சாரத்தைக் கடத்தும் தன்மை பெறுகின்றது என 1896 மார்ச்சில் வெளியிட்ட இரண்டாம் கட்டுரையில் விளக்கினார். திரை கண்ணுக்குக் காட்டிற்று. தகடு பதித்து வைத்தது. காற்றோ கதிரின் அளவை எண்ணால் கூற வழிவகுத்தது.

புகழும் பொருளும் அவரை நாடி வந்தன. தம் கண்டுபிடிப்பு மக்கள் யாவர்க்கும் உரியதெனக் கருதி அவர் காப்புரிமை பெற்றிலர். உயர்குடிப் பட்டத்தையும் ஏற்க மறுத்தார். 1901இல் பௌதிகத்திற்கான முதல் நோபல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது. அப்பரிசுப் பணத்தை வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்திற்கே வழங்கினார். 1900 முதல் மியூனிக்கில் பணியாற்றினார். 1919இல் மனைவியாரை இழந்தார். முதல் உலகப்போருக்குப் பின் நேர்ந்த பணவீக்கத்தால் அவர் சேமிப்பும் தேய்ந்தது. 1923ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள், தம் 77ஆம் வயதில் மறைந்தார்.

அவர் தொடங்கிய சோதனை அவரோடு முடியவில்லை. 1980களில், உருவைத் தேக்கிவைக்கும் ஒளிர்தகடுகள் மருத்துவமனைகளில் வழக்கிற்கு வந்தன. அவற்றுள்ளும் பேரியச் சேர்மமே பயன்பட்டது. 1990களில், விழும் கதிரை மின்குறிகளாக மாற்றி உருவைக் கணிப்பொறிக்கு அனுப்பும் இலக்கமுறை உணர்பலகைகள் தோன்றின. இவற்றை மதிப்பிடுவோர் மூன்று வினாக்களை எழுப்புவர். நுண்ணிய விவரத்தை எவ்வளவு கூர்மையாகக் காட்டுகின்றது? உண்மை உருவோடு எவ்வளவு இரைச்சற் புள்ளிகள் கலக்கின்றன? விழுந்த கதிரில் எவ்வளவு பங்கு உருவாகப் பயன்பட்டது? பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 2003இல் இதற்கென ஒரு முறையை வகுத்து வெளியிட்டது. நேரான விளிம்புடைய டங்ஸ்டன் தகட்டைப் படமெடுத்து, அவ்விளிம்பின் கூர்மையை அளப்பர். யாதொரு பொருளும் வையாது படமெடுத்து, இரைச்சலை அளப்பர். விழும் கதிரின் அளவைக் காற்று நிறைந்த அளவுகலத்தால் அறிவர். இம்மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டு உணர்பலகையின் திறனை மதிப்பர். குறையற்ற கருவிக்கு அம்மதிப்பு ஒன்று. எக்கருவியும் அதனை முற்றும் எட்டியதில்லை.

கண்ணுக்கு அழகாகத் தோன்றும் படமே நல்ல படம் எனக் கொள்ளுதல் இங்கே பொருந்தாது. வேண்டியதினும் மிகுதியான கதிரைச் செலுத்தினும் இலக்கமுறைப் படம் பொலிவுடனே தோன்றும். அம்மிகுதியைத் தாங்குவதோ படுத்திருக்கும் நோயாளியின் உடல். ஆதலின் கண்ணின் தீர்ப்போடு நில்லாது, அளந்து அறிதல் கடமையாகின்றது.

அன்று மாலை திரையில் ஒளி கண்டபோது யாது நினைத்தார் எனப் பிற்காலத்தில் ஒருவர் இராண்ட்ஜனை வினவினார். தாம் நினைக்கவில்லை, ஆராய்ந்தார் என்பதே அவர் விடை. கண்டதை ஒதுக்காமலும் காணாததைக் கூட்டிச் சொல்லாமலும், ஒவ்வொரு சான்றையும் மற்றொரு சான்றால் சோதித்த அப்பெரியாரின் பொறுமை, மருத்துவ உலகின் நிலைத்த செல்வமாக விளங்குகின்றது.