கொடியை விடாத குமரன்

சத்தியமங்கலத்தில் சர்க்கார் வேலைக்குப் பரீட்சை எழுதும் பிள்ளைகள் இரவு பகலாகப் படிக்கிறார்கள். வருடங்களை எப்படியோ மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். சத்தியாக்கிரகத் தத்துவம் என்றதும் திகைக்கிறார்கள். தத்துவத்தை உருப்போட முடியுமா?

அவர்கள் வெகுதூரம் போகவேண்டாம். அதே ஈரோடு மாவட்டத்தில் இருக்கிறது சென்னிமலை. அங்கே பிறந்த ஒரு நெசவாளியின் கதையைக் கேட்டால் போதும்.

ஏழைக் குடும்பம்

1904-ம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி நாச்சிமுத்து-கருப்பாயி தம்பதிக்குப் பிறந்தவர் குமரன். வறுமையால் ஆரம்பப் பள்ளியோடு படிப்பு நின்றது. தறியில் உட்கார்ந்தார். ராமாயியை மணந்தார். பிழைப்புக்காகத் திருப்பூர் சென்று பஞ்சு ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே தேசபந்து வாலிபர் சங்கத்தில் ஈடுபட்டார்.

தடியடி

1932 ஜனவரி 4-ந் தேதி காந்தியடிகள் கைதானார். நாடு கொதித்தது. 10-ந் தேதி திருப்பூரில் தடையை மீறி ஊர்வலம் புறப்பட்டது. பி.எஸ். சுந்தரம் தலைமை தாங்கினார். குமரன் கையில் தேசியக் கொடி!

போலீசார் தடிகளுடன் பாய்ந்தார்கள். குமரனின் மண்டை பிளந்தது. ரத்தம் கொட்டியது. கீழே விழுந்தார். ஆனால் கொடியை விடவில்லை! மறுநாள் ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது. அப்போது வயது 27. ராமாயி இளம் விதவையானார்.

இதுதான் தத்துவம்

குமரன் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தடை ஜெயித்திருக்கும். திருப்பி அடித்திருந்தால்? கலகத்தை அடக்கினோம் என்று அரசாங்கம் சொல்லித் தப்பித்திருக்கும். அவர் ஓடவும் இல்லை, அடிக்கவும் இல்லை. அடிபட்டுக்கொண்டே நின்றார். அதனால் குற்றம் யாருடையது என்பது ஊருக்கே வெட்டவெளிச்சமாகிவிட்டது.

ஆக்கிரகம் என்றால் விடாப்பிடி. சத்தியத்தை விடாமல் பிடிப்பதே சத்தியாக்கிரகம். தென்னாப்பிரிக்காவில் 1906-ல் காந்தியடிகள் தொடங்கிய வழி அது. ஐந்து விரல்களால் ஒரு கொடிக்கம்பைப் பற்றி அதற்குப் பொருள் சொல்லிவிட்டார், அதிகம் படிக்காத குமரன்.

திருப்பூர் ரெயில் நிலையம் அருகே அவருக்கு நினைவகம் உள்ளது. 2004-ல் தபால் தலையும் வெளிவந்தது.

சத்தியமங்கலத்துப் பிள்ளைகளே! உங்கள் ஊர்ப் பெயரிலேயே சத்தியம் இருக்கிறது. பரீட்சையில் இந்தக் கேள்வி வந்தால், குமரனின் கையை நினைத்துக்கொள்ளுங்கள். விடை தானாக வரும்!