அயலானாய்ச் சென்றவர் – புனித தமியான் அடிகளார்

தன் அயலான் யார் என்று மறைநூல் வல்லவன் ஒருவன் ஆண்டவரைக் கேட்டான். ஆண்டவரோ நல்ல சமாரியனின் உவமையைச் சொல்லி, அடிபட்டுக் கிடந்தவனுக்கு அயலானாய் நடந்துகொண்டவன் யார் என்று அவனையே திருப்பிக் கேட்டார். அடுத்த வீட்டுக்காரனே அயலான் என்று நாம் எண்ணுகிறோம். துன்புறுவோனை நாடிச் சென்று அவன் அருகில் நிற்பவனே அயலான் என்பது ஆண்டவர் தந்த பொருள். அதைத் தம் உடலாலேயே விளக்கிக் காட்டியவர் தமியான் அடிகளார்.

1840 சனவரி 3-ஆம் நாள் பெல்ஜியம் நாட்டின் திரெமெலோ என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். ஹவாய்த் தீவுகளுக்கு மறைபரப்பச் செல்லவிருந்த அவருடைய அண்ணன் நோயுற்றார். அவருக்குப் பதிலாகத் தம்பி கப்பலேறினார். 1864 மே 21-இல் ஒனலூலு பேராலயத்தில் குருப்பட்டம் பெற்றார்.

அந்நாளில் தொழுநோய்க்கு மருந்து இல்லை. 1865-இல் ஹவாய் அரசு ஒரு சட்டம் இயற்றி, மறு ஆண்டு முதல் நோயாளரை மொலோக்காய்த் தீவுக்கு அனுப்பியது. மூன்று புறமும் கடல். நான்காம் புறம் செங்குத்தான மலை. தாயிடமிருந்து பிள்ளையும் மனைவியிடமிருந்து கணவனும் பிரிக்கப்பட்டனர். போனவர் திரும்புவது அரிது.

1873 மே 10-இல் அடிகளார் அங்கே போய் இறங்கினார். குருக்கள் சிலர் முறைவைத்து வந்து போவதென்பது ஆயரின் ஏற்பாடு. அடிகளாரோ அங்கேயே தங்க அனுமதி வேண்டினார். முதல் இரவுகளில் தாழை மரத்தடியே அவருக்குப் படுக்கை. புண்களைக் கழுவிக் கட்டினார், வீடுகள் கட்டினார், குடிநீருக்குக் குழாய் அமைத்தார், அனாதைப் பிள்ளைகளை வளர்த்தார், சவப்பெட்டி செய்து, குழியும் தோண்டினார். அவர்களுடைய கலத்திலேயே கையிட்டு உண்டார்.

ஒருமுறை சபைத் தலைவர் வந்த கப்பலில் ஏற அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. படகில் நின்றபடியே, பலர் கேட்க, உரத்த குரலில் பாவசங்கீர்த்தனம் செய்தார்.

நோய் தம்மைத் தொடுமுன்பே, தொழுநோயாளரைப் பற்றிப் பேசும்போது நாம் என்றே சொல்லிவந்தார். அச்சொல் 1884-இன் இறுதியில் மெய்யாயிற்று. கொதிநீரில் கால் வைத்தும் அவருக்குச் சுடவில்லை. அதன் பின்னும் பணியை நிறுத்தினாரில்லை. 1889 ஏப்ரல் 15-இல், தம் 49-ஆம் வயதில், தம் மக்களிடையே கண்மூடினார். 2009 அக்டோபர் 11-இல் திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் அவரைப் புனிதராக அறிவித்தார்.

இன்று தொழுநோய் மருந்தால் முற்றிலும் குணமாகிறது. ஆயினும் நோயால், வறுமையால், பழிச்சொல்லால் ஒதுக்கப்பட்டோர் எல்லா ஊரிலும் உண்டு. நம் பங்கிலும் உண்டு. அவர்களுக்குக் காணிக்கை அனுப்புவது எளிது. வாசற்படி ஏறிச் சென்று அருகில் அமர்வதே கடினம். பிறரன்பு என்று நாம் சொல்லும்போது, அவர்கள் இன்னும் பிறராகவே இருக்கிறார்கள். அவர்களையும் சேர்த்து நாம் என்று சொல்லும் நாளே இந்த யூபிலி விழாவின் உண்மையான நிறைவு. அவ்வரத்தைப் புனித தமியான் நமக்காக இறைவனிடம் மன்றாடிப் பெற்றுத் தருவாராக!