மறந்த பாட்டை மீளக் கற்றவர்

மிசிசிப்பி ஆற்றுப் படுகையின் பருத்தி வயல்களில் அமெரிக்கக் கறுப்பின மக்கள் வளர்த்தெடுத்த துயர இசை ப்ளூஸ். அதன் முன்னோடிகளுள் ஒருவரான எடி ஜேம்ஸ் ஹவுஸ், சன் ஹவுஸ் என்னும் பெயரால் உலகறிந்தவர். அவரே சொன்ன கணக்குப்படி 1902இல் கிளார்க்ஸ்டேல் நகரை அடுத்துப் பிறந்தார்.

பதினைந்து வயதிலேயே பாப்டிஸ்ட் திருச்சபையில் பிரசங்கம் செய்யத் தொடங்கிய அவருக்குக் கிதாரைத் தொடுவதே பாவமாகத் தோன்றியது. இருபத்தைந்தாம் வயதளவில், ஒருவர் விரலில் சீசாக் கழுத்தை மாட்டித் தந்திகளின் மேல் இழைத்து வாசிப்பதைக் கேட்டார். மனம் மாறிற்று. ஆனால் பாடகர் பிறந்தபின்னும் பிரசங்கி சாகவில்லை. சனிக்கிழமை இரவும் ஞாயிற்றுக்கிழமைக் காலையும் வாழ்நாளெல்லாம் அவருக்குள் பொருதிக்கொண்டிருந்தன. குடியும் உடன் சேர்ந்தது.

விரைவிலேயே ஓர் இரவுக் கூத்தில் துப்பாக்கிச் சண்டை மூண்டது. காலில் குண்டடிபட்ட ஹவுஸ் திருப்பிச் சுட்டதில் ஒருவர் மாண்டார். பார்ச்மன் சிறைப் பண்ணையில் சுமார் இரண்டு ஆண்டுகள் கழிந்தன. விடுவித்த நீதிபதி கிளார்க்ஸ்டேலை விட்டே போய்விடப் பணித்தார். போன இடம் லூலா. அங்கே வாய்த்த நட்பு சார்லி பாட்டன். 1930இல் பாட்டன், வில்லி பிரவுன் ஆகியோருடன் விஸ்கான்சின் மாநிலத்துக் கிராஃப்டன் சென்று பாரமௌன்ட் நிறுவனத்திற்காகப் பாடினார். பொருளாதாரப் பெருமந்தத்தில் அத்தட்டுகள் விலைபோகவில்லை. எனினும் அவரருகே நின்று கற்றவர்கள் ராபர்ட் ஜான்சனும் மடி வாட்டர்சும் என்றால், விற்பனைக் கணக்கு எதற்கு?

1941இல் ஆலன் லோமாக்ஸ் நாடாளுமன்ற நூலகத்திற்காக அவரை ஒரு மளிகைக் கடையில் பாட வைத்துப் பதிவுசெய்தார். கடையை ஒட்டிச் சென்ற ரயிலின் ஓசையும் அப்பதிவில் விழுந்திருக்கிறது. 1943இல் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டருக்குக் குடிபெயர்ந்து ரயில்வேயில் வேலைக்கமர்ந்தார். 1952இல் வில்லி பிரவுன் மறைந்ததும் வாசிக்கும் ஆசையும் மடிந்தது. கிதாரைக் கைவிட்டார்.

1964 ஜூனில் டிக் வாட்டர்மன், நிக் பெர்ல்ஸ், ஃபில் ஸ்பைரோ என்னும் மூன்று வெள்ளை இளைஞர்கள் அவரைத் தேடி மிசிசிப்பியெங்கும் அலைந்தனர். குடியுரிமைத் தொண்டர் மூவர் அம்மாநிலத்தில் கொல்லப்பட்ட அதே மாதம் அது. அங்கே கிடைத்த தடயத்தைப் பற்றி, நாட்டின் மறுகோடியில் ராச்செஸ்டரில் அவரைக் கண்டனர். கண்டுபிடிக்கப்பட்டவரிடம் கிதார் இல்லை, விரல்கள் நடுங்கின, தம் பாடல்களே நினைவில் இல்லை.

அவற்றை அவருக்குத் திரும்பக் கற்பித்தவர் ஆலன் வில்சன் என்னும் இருபத்தோரு வயது இளைஞர். முதியவரின் தேய்ந்த தட்டுகளைக் கேட்டுக் கேட்டே அவர் வாசிப்பு முறையைக் கைவரச்செய்தவர். முழங்காலோடு முழங்கால் உரச எதிரெதிரே அமர்ந்து, முன்பு இதை இவ்வாறு வாசித்தீர்கள், பின்பு அவ்வாறு மாற்றினீர்கள் என்று மாணவர் எடுத்துக்காட்ட, ஆசான் பயின்றார். கலை வரலாற்றில் இத்தகைய கைம்மாறு அரிது.

மீண்டு வந்ததோ பழைய பாட்டு அன்று. நியூபோர்ட் விழா மேடையில் தோன்றினார். 1965இல் கொலம்பியா நிறுவனத்திற்கு ஓர் இசைத்தட்டு பதிவாகியது. காதலியின் சாவுச்செய்தி தாங்கிய கடிதத்தைப் பற்றி அதில் அவர் பாடும் பாட்டு, 1930இல் பாடியதன் மறுவடிவம். முன்னதில் இளமையின் வேகம். பின்னதில் உலோகக் கிதார் அதிர, இழவு வீட்டு வாசலில் நிற்பவரின் குரல். இடைப்பட்ட முப்பத்தைந்து ஆண்டுகளை எந்த இளைஞரும் அவருக்குக் கற்பித்திருக்க முடியாது. கிதாரை ஒதுக்கிவிட்டுக் கைதட்டலை மட்டும் துணைகொண்டு அவர் பக்திப் பாடல் பாடுகையில் பழைய பிரசங்கி எழுந்து நின்றார். மேடையில் பாட்டுக்குப் பாட்டு இடையே நீண்ட உபதேசமும் செய்தார். அதைக் குறையென்றோரும் உண்டு. அவரைப் பொறுத்தவரை அதுவும் பாட்டுதான்.

கார்னகி அரங்கும் ஐரோப்பியப் பயணங்களும் தொடர்ந்தன. வில்சன் 1970இல் இருபத்தேழாம் வயதிலேயே இறந்தார். எழுபதுகளின் நடுவில் ஹவுஸ் உடல்நலம் குன்றி மேடையை விட்டு விலகினார். டெட்ராய்ட்டில் ஓசையற்று வாழ்ந்து, 1988 அக்டோபர் 19ஆம் நாள் மறைந்தார். அவர் கல்லறைக்கு நினைவுக்கல் நாட்ட அந்நகரத்து ப்ளூஸ் அன்பர்கள் கச்சேரிகள் நடத்திப் பணம் திரட்டினர்.