அச்சம் அகற்றிய அம்மையார்

புதுக்கோட்டையில் 1886 ஆம் ஆண்டு நாராயணசாமி ஐயருக்கும் சந்திரம்மாளுக்கும் மகளாகத் தோன்றியவர் முத்துலட்சுமி அம்மையார். பெண்கள் கல்வி கற்பதே அரிதாயிருந்த அந்நாளில், ஆடவர் பயிலும் கல்லூரியில் துணிந்து சேர்ந்தார். பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று, 1912 இல் பட்டம் பெற்றார். 1914 இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார். 1927 இல் சென்னைச் சட்டசபையின் துணைத் தலைவராய் அமர்ந்து, பெண்களின் உரிமைக்காக வாதாடினார்.

அம்மையாரின் தங்கை புற்றுநோய்க்கு இரையானார். மருத்துவராயிருந்தும் உடன்பிறந்தாளைக் காக்க இயலவில்லையே என்னும் துயர் அவர் உள்ளத்தை வாட்டியது. அத்துயரே பின்னர் அருந்தொண்டாய் மலர்ந்தது. புற்றுநோயாளருக்கென ஒரு மருத்துவமனை வேண்டும் என அவர் உறுதி பூண்டார். எப்படியும் மாள்பவருக்கு மருத்துவமனை எதற்கு எனக் கருதியோர் பலர். அம்மையார் தளரவில்லை, நன்கொடை திரட்டினார். 1952 இல் நேரு பெருமகனார் அடிக்கல் நாட்டினார். 1954 இல் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையம் பிறந்தது. அம்மையாரின் மைந்தர் மருத்துவர் கிருஷ்ணமூர்த்தியும், 1955 இல் வந்து சேர்ந்த மருத்துவர் சாந்தா அம்மையாரும் அதனைப் பேணி வளர்த்தனர்.

பெண்டிரை வருத்தும் புற்றுநோய்களுள் ஒன்று மார்பகத்தில் தோன்றுவது. தொடக்கத்தில் அது பெரும்பாலும் வலியற்ற சிறு கட்டியாகவே காணப்படும். வலியின்மையால் சிலர் புறக்கணிப்பர். நாணத்தால் சிலர் மறைப்பர். நாள் கடந்தால் நோய் அக்குளின் நிணநீர்க் கணுக்களுக்கும் பிற உறுப்புகளுக்கும் பரவும். கட்டி யாவும் புற்றாகா. எனினும், ஆய்ந்து அறிதல் வேண்டும்.

முற்காலத்தில் மார்பகம் முழுவதையும் அதன் அடித்தசையையும் நீக்குவதே வழக்கமாயிருந்தது. நோயைத் தொடக்கத்திலே கண்டால், கட்டியை மட்டும் அகற்றிக் கதிர் மருத்துவம் அளிப்பினும் உயிர்காப்பு அதற்கு நிகரே என்பதை இத்தாலியிலும் அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகள் 1980 களில் மெய்ப்பித்தன. நோயின் நிலைக்கும் இயல்புக்கும் ஏற்ப, மருந்தேற்றும் மருத்துவமும் சுரப்பிகளின் தூண்டலைத் தடுக்கும் மாத்திரைகளும் துணை நிற்கும். அறுவைக்கு முன்னரே மருந்து தந்து கட்டியைச் சுருக்குதலும் உண்டு.

இவற்றுள் எது ஏற்றது என்பதை மருத்துவரும் நோயாளியும் கலந்து முடிவு செய்வர். அம்முடிவில் ஊரின் தொலைவும் ஒரு கூறாகும். கோமுகி ஆறு பிறக்கும் கல்வராயன் மலையில் வாழும் ஒரு தாயை எண்ணுக. கதிர் மருத்துவம் நாள்தோறும் சில வாரங்கள் தொடர்வது. வயலையும் மக்களையும் விட்டு, தொலைவிலுள்ள நகரில் அத்தனை நாள் தங்குதல் அவருக்கு எளிதோ? இத்தகைய இடர் கருதியே முழு அறுவையைத் தேர்வோரும் உளர். ஆயினும், கட்டியை மருத்துவரிடம் காட்டும் முதற்படிக்கு இனி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கள்ளக்குறிச்சியிலேயே 2022 இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பெற்றது.

முத்துலட்சுமி அம்மையார் 1968 இல் இயற்கை எய்தினார். பன்னிரண்டு படுக்கைகளுடன் எழுந்த நிலையம் இன்று பெருமருத்துவமனையாய்ப் பல்லாயிரவர்க்குப் புகலிடமாய்த் திகழ்கின்றது. நோயினும் கொடியது அதனை மறைக்கும் அச்சம். வீட்டிலுள்ள தாயோ தமக்கையோ கட்டியெனக் கூறின், காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் நம் கடன். அதுவே அம்மையாருக்கு நாம் செய்யும் நன்றியாகும்.