மணலில் தமிழ் பயின்ற சீகன்பால்கு



கல்வியாண்டின் முதல் நாளன்று முதலாம் ஆண்டு வகுப்பறை வாசலில் நிற்கும் சின்னஞ்சிறு பிள்ளைகளை ஆண்டுதோறும் நாம் கண்டு வருகிறோம். தாயின் கையை விடாது பற்றிக்கொண்டு, கண்கலங்கி, எழுத்து இன்னதென்றே அறியாது நிற்கும் அப்பிள்ளைகள் சில திங்களுக்குள் அகரம் முதலாய எழுத்துகளை எழுதக் கற்றுவிடுகின்றனர். இளம் பருவத்தில் இவ்வாறு கற்பது இயல்பே. ஆனால், பல்கலைக்கழகத்தில் பயின்று, சமயக் குருவாகி, கடல் கடந்து வந்த 24 வயது இளைஞர் ஒருவர், பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் பயின்றார் எனின் அது வியப்புக்குரியது அன்றோ? அவரே ஜெர்மனி நாட்டினரான பார்த்தலோமேயு சீகன்பால்கு. அவ்விளைஞர் அயல்நாட்டில் தம் நாள்களை எவ்வாறு செலவிட்டார் என்பதை ஈண்டுச் சொல்ல விழைகிறோம்.

இளமையும் பயணமும்

சீகன்பால்கு 1682ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10ஆம் நாள் சாக்சனிப் பகுதியிலுள்ள புல்ஸ்நிட்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே தாயையும் தந்தையையும் இழந்த அவரைத் தமக்கையார் வளர்த்தார். அவர் உடல் வலிவு மிக்கவர் அல்லர். ஹாலே நகரில் சமயக் கல்வி பயின்றபோதும் நோயினால் அவர்தம் படிப்பு தடைப்பட்டதுண்டு.

அக்காலத்தில் சோழமண்டலக் கடற்கரையிலுள்ள தரங்கம்பாடி டென்மார்க்கு வணிகர்களின் கையில் இருந்தது. 1620ஆம் ஆண்டில் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரிடம் உரிமை பெற்று, அவர்கள் அங்கே டேன்ஸ்போர்க் என்னும் கோட்டையை எழுப்பியிருந்தனர். அங்குள்ள மக்களிடையே கிறித்துவ சமயத்தைப் பரப்ப டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடெரிக் விரும்பினார். அப்பணிக்குச் சீகன்பால்குவும் அவர் நண்பர் ஹென்றிக் புளுட்சோவும் தெரிவு செய்யப்பட்டனர். 1705ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29ஆம் நாள் கப்பலேறிய இருவரும், நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, ஏழு திங்களுக்கு மேல் கடலில் கழித்து, 1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9ஆம் நாள் தரங்கம்பாடியை அடைந்தனர்.

மன்னரே அனுப்பிய போதிலும் கோட்டைத் தலைவர் அவர்களை விரும்பவில்லை. இவர்கள் வருகை வணிகத்துக்கு இடையூறாகும் என்பது அவர் எண்ணம். தங்குவதற்கு ஓர் இடம் கிடைப்பதே அரிதாயிற்று. வெயிலோ கடுமை, உணவோ புதிது, மக்கள் பேசும் மொழியோ ஒரு சொல்லும் விளங்கவில்லை. கையில் தமிழ் இலக்கணமும் இல்லை, அகராதியும் இல்லை.

பிள்ளைகளோடு ஒரு பிள்ளை

அந்நாளில் தரங்கம்பாடியில் வாழ்ந்த ஐரோப்பியர் ஊராரோடு போர்த்துகீசிய மொழியில் பேசியே காலம் தள்ளினர். சீகன்பால்குவும் அவ்வாறே இருந்திருக்கலாம். ஆயினும், ஒருவரின் உள்ளத்தை அறிய வேண்டுமாயின் அவருடைய தாய்மொழியை அறிந்தாக வேண்டும் என்று அவர் கருதினார்.

எனவே, திண்ணைப் பள்ளி நடத்திய முதிய ஆசிரியர் ஒருவரை அணுகி, அவர்தம் மாணவர்களோடு தம் இல்லத்துக்கே வந்து பாடம் நடத்துமாறு வேண்டிக்கொண்டார். பிள்ளைகள் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுத, அவர்களைப் பார்த்துச் சீகன்பால்குவும் எழுதினார். பிள்ளைகள் உரக்கச் சொல்ல, அவரும் உடன் சொன்னார். அவ்வாசிரியருக்கு ஐரோப்பிய மொழி எதுவும் தெரியாது. ஆதலின் எழுத்துகளை எழுதவும் படிக்கவும் முடிந்ததேயன்றிப் பொருள் விளங்கவில்லை. பின்னர், போர்த்துகீசியம் முதலிய மொழிகளை அறிந்த அழகப்பன் என்பவரைத் துணையாக அமர்த்திக்கொண்டு சொற்பொருளைக் கற்றார். 1707ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அவர் எழுப்பிய சிறிய தேவாலயம் திறக்கப்பட்டபோது, வந்து ஓராண்டே ஆகியிருந்த அவர் அங்கே தமிழில் உரையாற்றினார்.

ஒரு நாளின் கால அட்டவணை

இவ்வெற்றி எவ்வாறு கைகூடியது? தம் அன்றாட நடைமுறையைச் சீகன்பால்கு தாயகத்துக்கு எழுதிய மடலில் விளக்கியுள்ளார். காலை வழிபாட்டுக்குப் பின், 7 மணி முதல் 8 மணி வரை, முன்னாள்களில் கற்ற சொற்களையும் தொடர்களையும் மீண்டும் ஓதுவார். 8 மணி முதல் நண்பகல் 12 மணி வரை, அதற்கு முன் படித்திராத தமிழ்ச் சுவடிகளைப் படிப்பார். அருகில் முதிய புலவர் ஒருவர் அமர்ந்து ஐயங்களைத் தீர்த்து வைப்பார். எழுத்தர் ஒருவர் புதுச் சொற்களைக் குறித்துக்கொள்வார். உணவுக்கும் ஓய்வுக்கும் பிறகு பிள்ளைகளுக்குச் சமய பாடம். பிற்பகல் 3 மணி முதல் 5 மணி வரை மீண்டும் தமிழ்ச் சுவடிகள். இரவு 7 மணி முதல் 8 மணி வரை கண்களுக்கு ஓய்வளித்து, பிறர் படிக்கத் தாம் செவிமடுப்பார். நல்ல நடையுடைய நூலாயின், அதன் ஒவ்வொரு சொல்லும் தம் வாயில் பழகும் வரை திரும்பத் திரும்பப் படிப்பார்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்ல வேண்டும் என்பது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நமக்குப் புகட்டப்பட்ட முதற்பாடங்களுள் ஒன்று. அப்பாடத்தை யாரும் புகட்டாமலேயே அவ்விளைஞர் கடைப்பிடித்தார். பழையதை மீட்டுணர்ந்த பின்னரே புதியதைத் தொட்டார்.

எழுத்தர்களைப் பல நாள் வழித்தொலைவு அனுப்பிச் சுவடிகளைத் தேடி வாங்கினார். 1708ஆம் ஆண்டில் அவர் வகுத்த நூற்பட்டியலில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களின் விவரம் அடங்கியிருந்தது. திருக்குறளும் அவற்றுள் ஒன்று. நம் பிள்ளைகள் மனனம் செய்யும் கொன்றைவேந்தனையும் உலகநீதியையும், அவற்றோடு நீதிவெண்பாவையும், அதே ஆண்டில் அவர் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். இந்நாட்டு மக்கள் கல்வியறிவு இல்லாதவர் என்னும் எண்ணத்தோடு வந்தவர், நூல்களைக் கற்ற பின் அவ்வெண்ணம் பிழையென்று உணர்ந்தார். உணர்ந்ததைத் தாயகத்துக்கும் எழுதினார். தம் பிழையைத் தாமே ஒப்புக்கொள்வது எளிதன்று.

சிறையும் அச்சகமும்

1708ஆம் ஆண்டு அக்டோபரில் விவிலியத்தின் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கினார். அடுத்த திங்களே இடர் வந்தது. கைம்பெண் ஒருவரின் கடன் வழக்கில் அவர் அப்பெண்ணுக்காகப் பரிந்து பேசினார். கோட்டைத் தலைவர் அழைத்தபோது, எழுத்து வடிவில் ஆணை வந்தாலன்றி வாரேன் என்றார். சீகன்பால்குவிடம் பிடிவாதம் சற்று மிகுதி என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. அதன் விளைவாக நான்கு திங்கள் கோட்டைச் சிறையில் கிடந்தார். 1709ஆம் ஆண்டு மார்ச்சில் விடுதலை பெற்றதும் விட்ட பணியைத் தொடர்ந்து, 1711ஆம் ஆண்டு மார்ச்சில் அம்மொழிபெயர்ப்பை நிறைவு செய்தார்.

ஓலையில் ஒவ்வொரு படியாக எழுதுவதற்குக் காலமும் பொருளும் மிகுதியாகச் செலவாயின. இங்கிலாந்திலிருந்து அச்சுப்பொறியும், ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துருக்களும் வந்து சேர்ந்தன. வந்த எழுத்துருக்கள் அளவில் பெரியனவாக இருந்தமையால் காகிதம் மிகுதியாகச் செலவாயிற்று. ஆகவே சிறிய எழுத்துருக்களை அங்கேயே வார்த்தனர். 1715ஆம் ஆண்டில் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சேறியது. ஆண் பிள்ளைகளுக்கேயன்றிப் பெண் பிள்ளைகளுக்கும் தரங்கம்பாடியில் அவர் பள்ளி நடத்தினார் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

அச்சேறாத நூல்

1713ஆம் ஆண்டில் தென்னிந்தியத் தெய்வங்களையும் வழிபாட்டு முறைகளையும் பற்றி ஊராரிடமும் சுவடிகளிலும் கேட்டும் கற்றும் விரிவான நூலொன்றை எழுதி ஹாலே நகருக்கு அனுப்பினார். அங்கிருந்த பெரியோர் அதனை ஏற்கவில்லை. பிற சமயத்தை ஒழிக்கச் சென்றவர் அதனை ஐரோப்பாவில் பரப்புவதா என்று கடிந்து, அச்சிடாது விட்டனர். 150 ஆண்டுகளுக்குப் பின்னர், 1867ஆம் ஆண்டில், சென்னையிலேதான் அந்நூல் முதன்முதலாக அச்சேறியது. ஆசிரியர் அதனைக் காணக் கொடுத்துவைக்கவில்லை.

1714ஆம் ஆண்டின் இறுதியில் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டபோது மலையப்பன் என்னும் தமிழ் இளைஞர் உடன் சென்றார். அக்கடற்பயணத்தையும் சீகன்பால்கு வீணாக்கவில்லை. மலையப்பன் துணையோடு தமிழ் இலக்கணம் ஒன்றை இலத்தீன் மொழியில் எழுதினார். 1716ஆம் ஆண்டில் அது ஹாலே நகரில் வெளிவந்தது. திருமணம் செய்துகொண்டு அதே ஆண்டில் மீண்டும் தமிழகம் திரும்பினார். எனினும் உடல்நலம் ஒத்துழைக்கவில்லை. 1719ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 23ஆம் நாள், 36ஆம் வயதில், தரங்கம்பாடியில் மறைந்தார். முதல் ஆண்டு அதே ஊரில் திறக்கப்பெற்ற புதிய எருசலேம் தேவாலயத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. பழைய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பு ரூத் என்னும் பகுதியோடு நின்றிருந்தது. பின்வந்தோர் அதனை முடித்தனர்.

நாம் கற்க வேண்டியது

தம் சமயத்தைப் பரப்பவே சீகன்பால்கு வந்தார். அதனை அவர் மறைக்கவில்லை. நம் பள்ளியில் பல சமயத்துப் பிள்ளைகளும் பயில்கின்றனர். அவர்தம் சமயக் கருத்துகளை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் உள்ளத்தைப் பொறுத்தது. கற்பதற்கு நாணாத அவர்தம் பண்போ எல்லார்க்கும் பொதுவானது.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளியில் நான்காம் ஆண்டில் வந்து சேர்ந்த மாணவன் ஒருவனுக்குத் தமிழ் எழுத்து ஒன்றும் தெரியாது. தமிழ்ப் பாட வேளையில் அவனை முதலாம் ஆண்டுப் பிள்ளைகளோடு அமர்த்தினோம். மறுநாள் முதல் அவன் பள்ளிக்கு வரவில்லை. அவன் உள்ளம் எவ்வளவு கூசியிருக்கும் என்பதை முன்னரே எண்ணிப் பாராதது எமது தவறே. அவன் வீட்டுக்குச் சென்று, தரங்கம்பாடியில் மணலில் எழுதிய இளைஞரின் வரலாற்றை அவனுக்குச் சொன்னோம். அவன் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: பிள்ளைகள் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லையா? சிரித்திருப்பார்கள், ஆனால் அவர் எழுந்து போய்விடவில்லை என்றோம். மறுவாரம் அவன் வந்தான். ஆறாம் ஆண்டை முடிப்பதற்குள் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கதைநூல் படித்துக் காட்டும் அளவுக்குத் தேறினான்.

மாணவச் செல்வங்களே! தமிழ் கடினம் என்றும், நமக்கு வராது என்றும் சொல்லிக்கொண்டு நாளைக் கழிக்காதீர். தாய்மொழியாக இல்லாத ஒருவர், நோயுற்ற உடலோடு, அகராதியும் இல்லாமல், நாள்தோறும் காலை 7 மணிக்கு முதல் நாள் கற்றதை மீண்டும் ஓதினார். அவ்வொரு மணி நேரத்தை நீங்களும் ஒதுக்குங்கள். அறியாததைக் கேளுங்கள், உங்களினும் இளையவரிடமிருந்து கற்கவும் தயங்காதீர். மணலில் எழுதிய எழுத்து மறுகணமே அழிந்துபோகும். எழுதிப் பழகிய கைக்கோ அது என்றும் மறவாது.