உங்க பிளேடுக்குப் பின்னால ஒரு சேல்ஸ்மேன்

மக்களே, இந்த மாசம் ஒரு பிளேடு கட்டுரை. அறுக்க மாட்டேன், நம்பி வாங்க.

ஹாஸ்டலில் மாசக் கடைசியில் கார்ட்ரிட்ஜ் வாங்க காசு இல்லாம, அதே மழுங்கின பிளேடை மூணாவது வாரமும் இழுக்கிற ஆளா நீங்க? அப்போ கிங் கேம்ப் ஜில்லெட் யாருன்னு நீங்க தெரிஞ்சுக்கணும். "கிங்" பட்டம் இல்லைங்க, அவர் பேரே அதுதான். 1855 ஜனவரி 5-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்தார், சிகாகோவில் வளர்ந்தார். அவருக்கு 16 வயசு இருக்கும்போது, 1871-ல், சிகாகோ நகரத்தையே தின்ற பெரிய தீ விபத்தில் குடும்ப வியாபாரம் மொத்தமா போச்சு. பையன் வேலைக்குப் போனான். ஊர் ஊரா பெட்டியைத் தூக்கிட்டுப் போய் சாமான் விற்கிற சேல்ஸ்மேன் வேலை. இருபது வருஷத்துக்கும் மேல அதுதான் பொழப்பு.

அவர் இன்ஜினியர் கிடையாது. ஆனா வீட்டில் எல்லோருக்குமே எதையாவது நோண்டுற பழக்கம். அம்மா ஃபேனி ஜில்லெட்கூட சும்மா இல்லை. 1887-ல் வந்து அமெரிக்கா முழுக்க விற்ற 'வெள்ளை மாளிகை சமையல் புத்தகம்' அவங்க எழுதினதுதான். மகனும் சின்னச் சின்ன பேட்டன்ட் எடுத்துப் பார்த்தார். ஒண்ணும் சோறு போடலை.

1890-களின் தொடக்கத்தில் வில்லியம் பெயின்டர் என்பவரின் கம்பெனியில் சேர்ந்தார். பெயின்டரை உங்களுக்குத் தெரியாது, ஆனா அவர் கண்டுபிடிப்பை நீங்க பல்லால கடிச்சுத் திறந்திருப்பீங்க: சோடா பாட்டிலின் பல் வெச்ச தகர மூடி. ஒரு தடவை திறந்தா தூக்கிப் போட வேண்டியதுதான். ஆள் திரும்பத் திரும்ப வாங்கியே ஆகணும். இதே மாதிரி பயன்படுத்திட்டுத் தூக்கிப் போடுற ஏதாவது ஒண்ணை யோசி என்று பெயின்டர் சேல்ஸ்மேனிடம் சொன்னார். ஜில்லெட்டுக்கு அதுவே பைத்தியமாப் பிடிச்சுக்கிச்சு. அகர வரிசையில் உலகத்துப் பொருளையெல்லாம் எழுதி வெச்சு, ஒவ்வொண்ணையும் பார்த்தார் என்பார்கள்.

விடை 1895-ல் கண்ணாடி முன்னால வந்தது. பாஸ்டன் பக்கத்துல புரூக்லைன் என்ற ஊரில் இருந்தார், வயசு 40. காலையில் சவரம் பண்ணக் கத்தியை எடுத்தா, அது மழுங்கியிருக்கு.

இங்க கொஞ்சம் நிறுத்தி, அந்தக் காலத்துச் சவரக்கத்தியைப் பார்த்துடலாம். பட்டையான எஃகு, மடக்கி வைக்கிற பிடி. ஒவ்வொரு நாளும் தோல் வாரில் முன்னும் பின்னும் தேய்ச்சாத்தான் மயிர் அளவு மடங்கின விளிம்பு நேராகும். சில மாசத்துக்கு ஒரு தடவை வாரும் கைகொடுக்காது; கல்லில் வெச்சுச் சாணை பிடிக்கணும், பழக்கம் இல்லாதவங்க அதுக்குக் கடைக்குத்தான் கொண்டு போகணும். ஆனா ஒழுங்காப் பார்த்துக்கிட்டா ஒரே கத்தி ஆயுசுக்கும் வரும். 1880-லேயே காம்ஃப் சகோதரர்கள் தோலை வெட்டாதபடி காவல் வெச்ச ரேசர் கொண்டுவந்துட்டாங்க. அதிலும் பிளேடு தடிமன்தான், தீட்டத்தான் வேணும். அதனால பாதுகாப்பு ரேசரை ஜில்லெட் கண்டுபிடிச்சார்னு யாராவது குவிஸ்ல சொன்னா மார்க் போடாதீங்க. அவர் யோசிச்சது வேற: வெட்டுறது விளிம்பு மட்டும்தானே, பின்னாடி அவ்வளவு எஃகு எதுக்கு? காகிதம் மாதிரி மெல்லிசா ஒரு தகடு, ரெண்டு பக்கமும் விளிம்பு, மழுங்கினா வேற மாத்திக்கலாம்.

சொல்ல ஈஸி. மெட்டலர்ஜி படிக்கிறவங்களுக்கு இப்பவே சிரிப்பு வந்திருக்கும். கத்திக்குக் கடினம் வேணும்னா எஃகைச் சிவக்கக் காய்ச்சி சட்டுனு குளிர்விக்கணும். தடிச்ச கட்டி அதைத் தாங்கும். மெல்லிய தகடு அப்பளம் மாதிரி நெளிஞ்சுக்கும். எம்.ஐ.டி. ஆட்கள் உட்பட விஷயம் தெரிஞ்சவங்க எல்லாரும் முடியாதுன்னுட்டாங்க. ஜில்லெட் ஆறு வருஷம் அலைஞ்சார். எஃகைப் பற்றி ஒண்ணும் தெரியாததால்தான் அவர் விடலைன்னு நினைக்கிறேன். தெரிஞ்சவன் முதல் வாரமே மூட்டை கட்டியிருப்பான்.

அதை முடிச்சுக் கொடுத்தவர் வில்லியம் நிக்கர்சன். அவரும் எம்.ஐ.டி.யில் படிச்சவர்தான், வேடிக்கை பாருங்க. தகட்டை நெளிய விடாம இறுக்கிப் பிடிச்ச நிலையிலேயே கடினமாக்கும் முறையையும், அதைக் கூராக்கும் இயந்திரத்தையும் அவர் உருவாக்கினார். மெல்லிய பிளேடைப் பிடியில் வளைச்சு இறுக்கினா அது விறைச்சு நிக்கும். இன்னைக்கும் ரெண்டு பக்க பிளேடு ரேசர் அந்த வளைவை நம்பித்தான் ஓடுது. கம்பெனி 1901-ல் தொடங்கியது. சவரக் கம்பெனிக்கு நிக்கர்சன் பேரை வைக்க முடியலை: 'நிக்' என்றால் ஆங்கிலத்தில் வெட்டுக்காயம். அதனால ஜில்லெட்.

1903-ல் விற்பனைக்கு வந்தது. முழு வருஷத்துக்கும் போனது 51 ரேசர், 168 பிளேடு. ஒரு சின்ன ஹாஸ்டலுக்கே பத்தாது. அடுத்த வருஷம் 90,000-க்கும் மேல ரேசர் விற்றது. பேட்டன்டும் 1904 நவம்பர் 15-ல் கிடைச்சது.

ரேசரைச் சும்மா கொடுத்து பிளேடில் சம்பாதிச்சார்னு மேனேஜ்மென்ட் வகுப்பில் சொல்வாங்க. கதை அப்படி இல்லை. பேட்டன்ட் கையில் இருந்த வரைக்கும் ரேசர் விலை 5 டாலர், அப்போ ஒரு தொழிலாளியின் வாரக் கூலியில் கிட்டத்தட்ட பாதி. 1921-ல் பேட்டன்ட் முடிஞ்சு போட்டி வந்த பிறகுதான் மலிவு ரேசர் வந்தது. இடையில் முதல் உலகப் போர். அமெரிக்க அரசு சிப்பாய்களுக்காக 35 லட்சம் ரேசரும் 3 கோடிக்கு மேல பிளேடும் வாங்கியது. விஷவாயு முகமூடி முகத்தில் ஒட்டி உட்காரணும்னா தாடி இருக்கக் கூடாதே. போர் முடிஞ்சு வீட்டுக்குப் போனவங்க அந்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டுபோனாங்க.

எனக்கு இந்த மனுஷனைப் பிடிச்சதுக்குக் காரணம் பிளேடு இல்லை. ரேசருக்கு ஒரு வருஷம் முன்னாடி, 1894-ல், அவர் ஒரு புத்தகம் எழுதினார். வியாபாரப் போட்டிதான் எல்லாக் கேட்டுக்கும் காரணம். மொத்தத் தொழிலும் மக்களுக்குச் சொந்தமான ஒரே கம்பெனியாகணும். நயாகரா அருவியில் மின்சாரம் எடுத்து, அமெரிக்கா பூரா ஒரே பிரம்மாண்ட நகரத்தில் வாழணும். இதுதான் திட்டம். பணம் குவிஞ்ச பிறகும் அதை விடலை. 1910-ல் அரிசோனாவில் உலகக் கம்பெனி ஒண்ணுக்குத் தலைவராகச் சொல்லி, முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கே 10 லட்சம் டாலர் தர்றதாகக் கேட்டுப் பார்த்தார். அவர் மறுத்துட்டார். போட்டியே கூடாதுன்னு எழுதினவர் முகம்தான் உலகம் முழுக்கப் போட்டியை நசுக்கின பிளேடு உறையில் அச்சாகி இருந்தது. அவர் இதை எப்படிச் செரிச்சார்னு எனக்குப் பிடிபடலை.

கம்பெனிக்குள்ள பங்குதாரர் ஜான் ஜாய்ஸோடு சண்டை. 1910-லேயே பெரும்பாலான பங்கை அவருக்கு விற்றுட்டு, பேருக்குத் தலைவரா இருந்தார். கலிஃபோர்னியாவில் நிலமும் பண்ணையும் வாங்கினார். 1929 பங்குச் சந்தைச் சரிவு மிச்சத்தைக் கரைச்சது. 1932 ஜூலை 9-ல் லாஸ் ஏஞ்சலஸில் 77 வயசில் இறந்தபோது கிட்டத்தட்ட ஒண்ணும் மிஞ்சலை.

நேர்க்கத்தி பழகணும்னு ஆசைப்படுறவங்களுக்கு ஒண்ணு: அசல் கத்தி, தோல் வார், கல் எல்லாம் சேர்ந்தா பட்ஜெட் எகிறும். உங்க தெரு சலூன் அண்ணனைப் பாருங்க. ரெண்டு பக்க பிளேடைக் காகிதத்தோடவே நடுவில் உடைச்சு, பாதியை மடக்குக் கத்திப் பிடியில் செருகுறார். அந்தப் பிடி மலிவா கிடைக்கும், சாணை தேவையில்லை, ஒரு பிளேடு ரெண்டு சவரத்துக்கு வரும். கத்தியைப் படுக்க வைக்காம, நிமிர்த்தியும் வைக்காம, தோலிலிருந்து 30 டிகிரி அளவில் பிடிங்க. இன்னொரு கையால் தோலை இழுத்துப் பிடிச்சு, முடி வளர்ற திசையிலேயே போங்க. முதல் வாரம் கன்னம் மட்டும். தாடையும் தொண்டையும் அப்புறம். இன்டர்வியூ அன்னைக்கு மட்டும் ஆரம்பிக்காதீங்க.