நாடித்துடிப்பு பார்த்த காலப்

இந்த முறை நான் எழுதுவது ஜார்ஜ் காலப் பற்றி.

இவர் 1901 நவம்பர் 18-ல் அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் ஜெபர்சன் என்ற சின்ன ஊரில் பிறந்தார். சின்ன வயசில் வீடு வீடாகப் பால் ஊற்றி, அந்தக் காசில் பள்ளிக்கூடத்திலேயே பத்திரிகை ஆரம்பித்தாராம். (நம்ம சுவரிதழுக்கு அண்ணன் மாதிரி!) 1928-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். 1935-ல் மக்கள் கருத்தைக் கேட்டுச் சொல்லும் நிறுவனம் தொடங்கினார்.

அடுத்த வருஷமே ஜனாதிபதி தேர்தல். ரூஸ்வெல்ட்டுக்கும் லாண்டனுக்கும் போட்டி. லிட்டரரி டைஜஸ்ட் என்ற பெரிய பத்திரிகை ஒரு கோடி பேருக்கு அட்டை அனுப்பியது. 23 லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தது. எண்ணிப் பார்த்து லாண்டனுக்கு 57 சதவீதம் என்று போட்டார்கள். காலப் கேட்டதோ சுமார் 50,000 பேரிடம்தான். ரூஸ்வெல்ட்தான் ஜெயிப்பார் என்றார். டைஜஸ்ட் தப்பாகச் சொல்லப்போகிறது என்றும் முன்கூட்டியே எழுதிவிட்டார்! அந்த ஆசிரியருக்குக் கோபமான கோபம். கடைசியில் 48 மாநிலங்களில் 46 ரூஸ்வெல்ட்டுக்கு.

23 லட்சம் எப்படித் தோற்கும்? எனக்கும் முதல்ல புரியல. அந்த விலாசங்களை டெலிபோன் புத்தகத்திலும் கார் வைத்திருப்போர் பட்டியலிலும் எடுத்திருக்கிறார்கள். அது வேலையில்லாத கஷ்டகாலம். ஏழை வீட்டில் போன் ஏது? அட்டை கிடைத்தவர்களிலும் நாலில் மூணு பேர் பதிலே போடவில்லை. ரூஸ்வெல்ட்டைப் பிடிக்காதவர்கள்தான் அதிகமாக மெனக்கெட்டு அனுப்பினார்கள்.

இதைப் படித்ததும் எனக்கு ஸ்பெஷல் கிளாஸ் ஞாபகம் வந்தது. காலையிலா, சாயங்காலமா என்று போன வருஷம் பெட்டி வைத்துச் சீட்டுப் போடச் சொன்னார்களே, பெல் அடித்த பிறகு! பக்கத்துத் தெருப் பிள்ளைகள் நின்று போட்டார்கள். நாங்கள் பஸ்ஸுக்கு ஓடிவிட்டோம். சாயங்காலம்தான் ஜெயித்தது. இப்போ நாங்கள் ஏழு பேர் இருட்டில் வரப்பு வழியாக நடந்து போகிறோம். பெட்டியில் எங்கள் சீட்டு ஒன்றுகூட இல்லை.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஆனால் எங்க ஆத்தா அடிவரை கிளறிவிட்டுத்தான் பதம் பார்க்கும். காலப் செய்ததும் அதுதான்.

அவரும் ஒருமுறை சறுக்கினார். 1948-ல் டூயி ஜெயிப்பார் என்றார், ஜெயித்தது ட்ரூமன். தேர்தலுக்குப் பல நாள் முன்பே கேட்பதை நிறுத்தியது ஒரு காரணம். ஆனாலும் அவர் தொழிலை விடவில்லை, முறையை மாற்றிக்கொண்டார். எனக்கு அவரைப் பிடித்தது அதனால்தான்.

டைஜஸ்ட் 1938-லேயே நின்றுபோனது. காலப் 1984 ஜூலை 26-ல் சுவிட்சர்லாந்தில் 82 வயதில் காலமானார்.